எந்த ஸ்கைரிமை வாங்குவது? மாட் போடுகிறவர்களுக்கு டெல்டாவிலிருந்து ஒரு பதில்

மேட்டூர் திறந்து, தண்ணீர் கல்லணைக்கு வந்து, குறுவைக்கு நாற்றங்கால் விடுகிற நாட்களை ஒட்டித்தான் கணினி விளையாட்டு விற்கும் இணையக் கடையான ஸ்டீமின் கோடைத் தள்ளுபடியும் வரும். கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர் என்று எனக்குத் தெரிந்த பையன்கள் இருக்கும் ஊர்களிலிருந்தெல்லாம் அப்போது ஒரே கேள்விதான் வரும். "அண்ணே, ஸ்கைரிம் ஆஃபர்ல போட்டுருக்கான். ஸ்டீம்லயே வாங்கிடட்டுமா? ஜிஓஜிலயும் இருக்கு, எபிக்லயும் இருக்கு. எல்லாம் ஒண்ணுதானே?"

ஸ்கைரிம் என்பது பெத்தெஸ்டா நிறுவனம் செய்த கணினி விளையாட்டு; ஜிஓஜியும் எபிக்கும் ஸ்டீம் போலவே அதை விற்கும் கடைகள். ஆனால் எல்லாம் ஒன்றில்லை. கதையை ஒருமுறை விளையாடி முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறவருக்கு வேண்டுமானால் ஒன்றுதான். எங்கே விலை குறைவோ அங்கே வாங்கிக்கொள்ளலாம். ஆனால் 2011-இல் வந்த விளையாட்டை இன்றைக்கும் ஆட்கள் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால் அதற்குப் பெரிய காரணம் மாட்கள், அதாவது விளையாட்டை மாற்றவும் கூட்டவும் விளையாடுகிறவர்களே செய்து தரும் சேர்க்கைகள். மாட் போடுவதற்காக வாங்குகிறவர், கடையைத் தேர்ந்தெடுக்கும்போதே பாதி விஷயத்தை முடிவு செய்துவிடுகிறார். எந்த மாட் ஓடும், எது ஓடாது, இன்றைக்கு ஓடுவது அடுத்த வருஷமும் ஓடுமா என்பதெல்லாம் அங்கேயே தீர்மானமாகிவிடுகிறது. விலையைப் பார்ப்பதற்கு முன்னால் இதைப் பார்க்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஸ்கைரிம் முதலில் வந்தது 2011 நவம்பர் 11-இல். அது 32 பிட் விளையாட்டு. மெமரி கொஞ்சம் கூடினாலே கவிழ்ந்துவிடும். 2016 அக்டோபர் 28-இல் வந்த ஸ்பெஷல் எடிஷன் 64 பிட். இன்றைக்கு மாட் உலகம் நிற்பது இதன்மேல்தான். பிறகு, சரியாகப் பத்தாண்டு கழித்து 2021 நவம்பர் 11-இல் ஆனிவர்சரி எடிஷன் வந்தது. பலர் இதைத் தனி விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு, "என்கிட்ட ஆனிவர்சரி இல்லண்ணே, ஸ்பெஷல்தான் இருக்கு, இந்த மாட் ஓடாது போல" என்பார்கள். அப்படியில்லை. ஸ்பெஷல் எடிஷனோடு கிரியேஷன் கிளப் என்ற பெயரில் நிறுவனமே விற்ற கூடுதல் சரக்கு முழுவதையும் சேர்த்துக் கட்டி விற்பதுதான் ஆனிவர்சரி. உள்ளே ஓடுகிற எக்ஸி ஃபைல், அதாவது விளையாட்டை இயக்கும் முதன்மை ஃபைல், இரண்டுக்கும் ஒன்றேதான். அன்றைக்குக் கூடுதல் காசு கொடுக்காதவர்களுக்கும் எக்ஸி மாறியது; மீன்பிடித்தல், சர்வைவல் மோட் உட்பட நான்கு கிரியேஷன்கள் இலவசமாகவும் வந்தன. மாட் பக்கங்களில் "ஏஇ" என்று போட்டிருந்தால் பெரும்பாலும் அவர்கள் சொல்வது பதிப்பு எண் 1.6-இல் தொடங்கும் எக்ஸியை. "எஸ்இ" என்றால் 1.5.97-ஐ. நீங்கள் எந்தக் கட்டை வாங்கினீர்கள் என்று அவர்கள் கேட்கவில்லை.

அடுத்து, மாட் என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே மூன்று வகை இருக்கிறது. கடைக்குக் கடை வரும் தகராறு முழுவதும் இந்த வகைப் பிரிவில்தான் இருக்கிறது.

முதல் வகை படங்கள், உருவங்கள், ஒலிகள். இதற்கு என் சொந்த வேலையையே காட்டுகிறேன். ஸ்கைரிமில் ரிஃப்டன் என்று ஓர் ஊர் உண்டு. ஊருக்கு நடுவே வாய்க்கால் ஓடும். ஓரமெல்லாம் ஈரக் கல். அங்கே போகும்போதெல்லாம் எனக்குத் திருவையாற்றின் புஷ்ய மண்டபப் படித்துறைதான் நினைவுக்கு வரும். ஒருநாள் மேகமூட்டமான காலையாகப் பார்த்துக் காமிராவை எடுத்துக்கொண்டு போனேன். வெயிலில் எடுத்தால் நிழல் விழுந்து படம் பயன்படாது. படியின் பரப்பை நேர் மேலிருந்து எடுத்தேன்: எத்தனையோ கால் பட்டு வழவழப்பான நடுப்பகுதி, ஓரத்தில் கரும்பச்சைப் பாசி, இடுக்கில் மஞ்சள் கரைந்து காய்ந்த தடம். அதை 2048-க்கு 2048 பிக்சலாக வெட்டி, நான்கு ஓரமும் ஒட்டுத் தெரியாமல் பொருந்தும்படி செய்து, விளையாட்டு படிக்கிற பட வகையான டிடிஎஸ் ஃபைலாக மாற்றினேன். கூடவே மேடுபள்ளத்தைச் சொல்கிற நார்மல் மேப். ஸ்கைரிமில் பளபளப்பின் அளவு அந்த நார்மல் மேப்பின் ஆல்ஃபா சேனலில்தான் இருக்கும். கல் நனைந்திருப்பதுபோலத் தெரிவதும் வறண்டு தெரிவதும் அதைப் பொறுத்தது. பாசி இருந்த இடத்தில் கொஞ்சம் கூட்டி, நடுவில் நன்றாகக் கூட்டி வைத்தேன். டெல்டாவில் எங்கே தோண்டினாலும் வண்டல்தான், பாறை கிடையாது. பெரிய கோயில் கல்லே வெளியிலிருந்து வந்ததுதான். அப்படி இங்கே வந்து சேர்ந்த கல்லைப் பனி பெய்யும் ஒரு கற்பனை நாட்டுக்கு அனுப்பிவைத்ததில் எனக்கு உண்மையிலேயே ஒரு சந்தோஷம்.

அந்த ஃபைலை அசல் ஃபைலின் அதே பெயரில், அதே ஃபோல்டர் வரிசையில் வைத்துவிட்டால் போதும். பொட்டலமாகக் கட்டியிருக்கும் பிஎஸ்ஏ-க்குள் உள்ள அசலை விட்டுவிட்டு, வெளியே இருக்கும் இதை விளையாட்டு எடுத்துக்கொள்ளும். எந்தக் கடையில் வாங்கியிருந்தாலும் ஓடும். எக்ஸி 1.5 ஆனாலும் 1.6 ஆனாலும் ஓடும். 2011-இன் பழைய பதிப்பில் மட்டும் பிசி7 முறையில் சுருக்கிய படங்கள் திறக்காது, அது டைரக்ட்எக்ஸ் 9 காலத்து எஞ்சின். மற்றபடி இந்த வகை மாட்களைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

இரண்டாவது வகை, ஈஎஸ்பி, ஈஎஸ்எம், ஈஎஸ்எல் என்று முடியும் பிளகின்கள். புதிய ஆயுதம், புதிய ஊர், புதிய கதை எல்லாம் இதில் வரும். இதுவும் பெரும்பாலும் எல்லாக் கடைப் பதிப்பிலும் ஓடும். ஒரு சிக்கல் மட்டும் 2023 டிசம்பரில் வந்தது. 1.6.1130 என்ற அந்த அப்டேட்டில் இலகுவகைப் பிளகின் ஒன்றுக்குள் வைக்கக்கூடிய பதிவுகளின் எல்லையை 2048-இலிருந்து 4096 ஆகக் கூட்டினார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் புதிய முறையில் சேமித்த பிளகினைப் பழைய எக்ஸி சரியாகப் படிக்காது. மாட் உலகத்தார் உடனே அதற்கும் ஒரு வழி செய்தார்கள். பழைய எக்ஸிக்குப் புதிய முறையைக் கற்றுக்கொடுக்க ஒரு மாட் வந்தது, சுருக்கமாக பீஸ் என்பார்கள். அதுவும் மூன்றாவது வகை மாட்.

மூன்றாவது வகைதான் விஷயம். ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர், அதாவது எஸ்கேஎஸ்இ, மற்றும் அதை நம்பி ஓடுகிற டிஎல்எல்கள், அதாவது எக்ஸியோடு சேர்ந்து ஓடும் நிரல் ஃபைல்கள். இன்வென்டரியை மனிதர் படிக்கிற மாதிரி மாற்றித் தரும் ஸ்கையூஐ-க்கு எஸ்கேஎஸ்இ வேண்டும். முகம் செதுக்கும் ரேஸ்மெனுவுக்கு வேண்டும். எஞ்சினின் பழைய பிழைகளைச் சரிசெய்கிற மாட்களுக்கு வேண்டும். நல்ல மாட் பட்டியல் எதை எடுத்தாலும் அடித்தளத்தில் இது இருக்கும்.

எஸ்கேஎஸ்இ என்ன செய்கிறது? விளையாட்டு தொடங்கும்போது மெமரிக்குள் நுழைந்து, இன்ன முகவரியில் இன்ன ஃபங்ஷன் இருக்கிறது என்று முன்பே தெரிந்துவைத்துக்கொண்டு, அங்கே தன் வேலையைச் சேர்க்கிறது. முகவரி சரியாக இருந்தால்தான் எல்லாம். விளையாட்டு நிறுவனம் நிரலில் ஒரு வரியைத் திருத்தி எக்ஸியை மறுபடி உருவாக்கினாலே, அதாவது கம்பைல் செய்தாலே, உள்ளே எல்லாம் நகர்ந்துவிடும். நம் தெருக்களில் "பழைய எண் 14, புதிய எண் 31" என்று வீட்டு வாசலில் எழுதியிருப்பார்களே, அந்த நிலைமைதான். ஆனால் இங்கே ஒவ்வொரு அப்டேட்டுக்கும் புதிய எண். இதற்காகத்தான் அட்ரஸ் லைப்ரரி என்ற மாட் வந்தது. ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு பட்டியல் ஃபைல். டேட்டா ஃபோல்டருக்குள் எஸ்கேஎஸ்இ, அதற்குள் பிளகின்ஸ் என்று போய்ப் பாருங்கள், வெர்ஷன்லிப்-1-6-640-0, வெர்ஷன்லிப்-1-6-659-0 என்று வரிசையாக இருக்கும். டிஎல்எல் எழுதுகிறவர் நேரடி முகவரியை எழுதாமல் ஒரு அடையாள எண்ணை மட்டும் எழுதினால் போதும், அந்தந்தப் பதிப்பின் பட்டியலிலிருந்து முகவரி வந்துவிடும்.

ஆனால் 1.5-இலிருந்து 1.6-க்குப் போனபோது கம்பைலரையே மாற்றிவிட்டார்கள். முன்பு தனியாக இருந்த ஃபங்ஷன் இப்போது இன்னொன்றுக்குள் கரைந்து போயிருக்கும். அதனால் அடையாள எண்களும் புதிதாகவே போடவேண்டியதாயிற்று. ஒரே டிஎல்எல் இரண்டிலும் ஓட காமன்லிப் என்ஜி போன்ற கருவிகள் பிறகு வந்தன. சம்பளம் வாங்காத ஆட்கள் ராத்திரி கண் விழித்து இதையெல்லாம் செய்திருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு மரியாதை கூடுகிறது.

இப்போது கடைகளுக்கு வருவோம். அந்த 659 என்ற எண்ணைக் கவனித்தீர்களா? 640 ஸ்டீமுடையது, 659 ஜிஓஜியுடையது. விளையாட்டு அதேதான். ஆனால் ஸ்டீம் எக்ஸி ஸ்டீமோடு பேசுகிறது, ஜிஓஜி எக்ஸி ஜிஓஜியோடு பேசுகிறது; சாதனைகள், கணக்கு, இவற்றுக்கான துண்டுகள் வேறுவேறு. துண்டு வேறானால் முகவரி வேறு. ஆகவே எஸ்கேஎஸ்இ-யும் வேறு. எஸ்கேஎஸ்இ பக்கத்தில் ஸ்டீமுக்கு ஒரு டவுன்லோடு, ஜிஓஜிக்கு இன்னொரு டவுன்லோடு என்று தனித்தனியாகவே வைத்திருக்கிறார்கள். மாற்றி எடுத்தால் ஓடாது.

மைக்ரோசாஃப்ட் ஸ்டோர், கேம் பாஸ் பதிப்பைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அங்கே எக்ஸி பாதுகாப்புக்குள் பூட்டப்பட்டிருக்கும். வெளியிலிருந்து வேறெதுவும் அதைத் தொட முடியாது. எஸ்கேஎஸ்இ அதில் ஓடாது, ஓடப்போவதும் இல்லை என்று அதைச் செய்கிறவர்களே சொல்லிவிட்டார்கள். என் படித்துறைக் கல் அங்கே தெரியும், ஸ்கையூஐ வராது. மாதச் சந்தாவில் விளையாடிப் பார்க்க நல்ல வழி; மாட் போடுவதற்கு வேண்டாம்.

எபிக் பதிப்பில் ஃபோல்டர் எல்லாம் திறந்துதான் கிடக்கும், பார்த்தால் எல்லாம் சரியாக வரும்போலத் தோன்றும். எஸ்கேஎஸ்இ அதற்கும் கிடையாது. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் மாட் போடுகிறவர் அங்கே ஸ்கைரிம் வாங்கவேண்டாம்.

மிச்சம் ஸ்டீமும் ஜிஓஜியும். இங்கேதான் நிதானமாக யோசிக்கவேண்டும்.

ஸ்டீமின் பலம் கூட்டம். மாட் செய்கிறவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் ஸ்டீம் பதிப்பை வைத்துத்தான் செய்கிறார்கள், சோதிக்கிறார்கள். டிஎல்எல் எதுவானாலும் முதலில் ஸ்டீமுக்கு வரும். வாபாஜாக் மாதிரி, நூற்றுக்கணக்கான மாட்களை அடுக்கி ஒரே கிளிக்கில் நிறுவித் தருகிற பட்டியல்கள், உங்கள் விளையாட்டு ஃபைல்களின் ஹாஷை, அதாவது அடையாளக் குறியை, ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும். ஸ்டீமை வைத்துக் கட்டிய பட்டியலுக்கு ஜிஓஜி எக்ஸியைக் காட்டினால் ஏற்றுக்கொள்ளாது. இப்படிப்பட்ட பெரிய பட்டியல்தான் வேண்டும் என்கிறவருக்கு ஸ்டீம் தவிர வேறு பேச்சில்லை.

ஸ்டீமின் பலவீனம் அப்டேட். "எப்போதும் புதுப்பி", "விளையாட்டைத் திறக்கும்போது மட்டும் புதுப்பி" என்ற வகையில்தான் தேர்வுகள் உண்டு. ஒருபோதும் புதுப்பிக்காதே என்று சொல்ல இடமில்லை. மாட் போடுகிறவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்து, விளையாட்டை ஸ்டீம் வழியாகத் திறக்காமல் எஸ்கேஎஸ்இ லோடர் வழியாகவே திறப்பார்கள். இன்னும் உறுதி வேண்டும் என்கிறவர்கள் எந்தப் பதிப்பு நிறுவியிருக்கிறது என்று ஸ்டீம் குறித்துவைக்கும் ஆப்மேனிஃபெஸ்ட் ஃபைலை, ஸ்கைரிமுக்கு எண் 489830, ரீட்-ஒன்லி ஆக்கி வைப்பார்கள். அதையும் தாண்டி எக்ஸி மாறிவிட்டால் ஸ்டீம் கன்சோலைத் திறந்து, பழைய டிப்போவின், அதாவது பழைய ஃபைல் தொகுப்பின், எண்களைக் கொடுத்து, பழைய எக்ஸியை மறுபடி இறக்கிக்கொள்ளலாம். எக்ஸியை மட்டும் பின்னுக்குக் கொண்டுபோய், ஆனிவர்சரி சரக்கை அப்படியே வைத்துக்கொள்ளும் டவுன்கிரேடு பேட்சர்களும் மாட் தளமான நெக்ஸஸில் உண்டு. வழிகள் இருக்கின்றன. ஆனால் தூங்கும்போதும் ஒரு கண்ணைத் திறந்து வைத்திருக்கவேண்டும்.

ஜிஓஜிக்கு ஸ்கைரிம் வந்தது 2022 செப்டம்பரில்தான். அதன் கேலக்ஸி செயலி கட்டாயமில்லை. இணையதளத்திலிருந்து ஆஃப்லைன் இன்ஸ்டாலரை இறக்கிக்கொள்ளலாம். ஒரு செட்டப் ஃபைல், கூடவே 4 ஜிபி அளவுத் துண்டுகளாக பின் ஃபைல்கள். அவற்றை ஹார்ட் டிஸ்கில் போட்டு வைத்துவிட்டால் அந்தப் பதிப்பு உங்களுடையது. யாரும் வந்து மாற்றப் போவதில்லை. கேலக்ஸி வழியாகவே வைத்திருந்தாலும் தானாகப் புதுப்பிப்பதை நிறுத்திவைக்கலாம், முந்தைய பதிப்புக்குத் திரும்பிப் போகவும் அதில் வசதி உண்டு. எக்ஸியில் டிஆர்எம் பூட்டும், அதாவது கணக்கைச் சரிபார்த்தால்தான் ஓடவிடும் தடையும், இல்லை.

குறை என்னவென்றால், டிஎல்எல் மாட்களில் சில ஸ்டீமுக்கு மட்டும் இருக்கும், அல்லது ஜிஓஜிக்குத் தாமதமாக வரும். அட்ரஸ் லைப்ரரியை ஒழுங்காகப் பயன்படுத்தி எழுதிய டிஎல்எல்கள் பெரும்பாலும் இரண்டிலும் ஓடிவிடும். எண்களை நேரடியாக எழுதி வைத்தவை ஓடாது. மாட் பக்கத்தில் ஃபைல்கள் பகுதியைத் திறந்து, ஜிஓஜிக்கு என்று தனி ஃபைல் இருக்கிறதா எனப் பார்க்காமல் எதையும் இறக்கவேண்டாம்.

பையன்கள் அடிக்கடி தடுமாறுகிற இன்னொரு இடம் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர். மை கேம்ஸ் என்பதற்குள் ஸ்டீம் பதிப்பு "ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன்" என்ற ஃபோல்டரில் சேமிக்கும். ஜிஓஜி பதிப்பு அதே பெயரின் கடைசியில் ஜிஓஜி என்று சேர்த்துத் தனி ஃபோல்டர் வைத்துக்கொள்ளும். அமைப்புகளை வைத்திருக்கும் ஐஎன்ஐ ஃபைல்களும் சேமித்த ஆட்டங்களான சேவ்களும் அதற்குள். ஸ்டீமிலிருந்து மாறிவந்தவர் பழைய சேவ்கள் தொலைந்துவிட்டதாக நினைத்துப் பதறுவார். அவை பக்கத்து ஃபோல்டரில் பத்திரமாக இருக்கும். எடுத்து இங்கே போடும்போது எஸ்கேஎஸ்இ என்று முடியும் ஜோடி ஃபைலையும் மறக்காமல் சேர்த்து எடுக்கவேண்டும். அதே மாதிரி, எந்தப் பிளகின் எந்த வரிசையில் என்று வைத்திருக்கும் பிளகின்ஸ் ஃபைலும் ஆப்டேட்டாவில் தனி ஃபோல்டரில்தான் இருக்கும். யாரோ சொன்ன ஐஎன்ஐ திருத்தத்தைத் தப்பான ஃபோல்டரில் செய்துவிட்டு, "ஒண்ணுமே மாறலண்ணே" என்று சொல்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அப்டேட்டைப் பற்றி நான் இவ்வளவு சொல்வது ஏன் என்பதற்கு ஸ்கைரிமின் அண்ணன் தம்பி போன்ற ஃபால்அவுட் 4-ஐப் பார்த்தால் தெரியும். 2024 ஏப்ரலில் ஃபால்அவுட் தொலைக்காட்சித் தொடர் வெளியாகி, பழைய விளையாட்டுகளுக்கெல்லாம் மறுபடி கூட்டம் கூடியது. அந்த மாதம் 25-ஆம் தேதி நெக்ஸ்ட்-ஜென் அப்டேட் வந்தது. அதுவரை மாட் உலகம் முழுவதும் 1.10.163 என்ற பதிப்பில் நிலையாக நின்றிருந்தது. ஒரே நாளில் 1.10.980. அதன் ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர் நின்றது, அதை நம்பிய டிஎல்எல்கள் அத்தனையும் நின்றன. ஃபால்அவுட் லண்டன் என்று ஒரு முழு விளையாட்டு அளவுக்கு மாட் ஒன்றைப் பல வருஷம் உழைத்துச் செய்திருந்த குழு, ஏப்ரலில் வெளியிட வேண்டியதைத் தள்ளிவைக்க நேர்ந்தது. கடைசியில் ஜூலை 25-இல் வெளியிட்டார்கள், ஜிஓஜி வழியாக, இலவசமாக. ஓடுவதற்கு வேண்டியதோ பழைய 1.10.163. ஜிஓஜியில் வைத்திருந்தவர்கள் கேலக்ஸியில் பழைய பதிப்பைத் தேர்ந்தெடுத்துப் போய்விட்டார்கள். ஸ்டீமில் வைத்திருந்தவர்கள் டவுன்கிரேடு கருவியைத் தேடவேண்டியிருந்தது.

நிறுவனம் மனது வைத்தால் இதைத் தவிர்க்கலாம் என்பதற்கும் உதாரணம் உண்டு. விட்சர் 3 என்ற வேறொரு நிறுவனத்து விளையாட்டுக்கு 2022 டிசம்பர் 14-இல் 4.0 அப்டேட் வந்தபோது பழைய 1.32 பதிப்பை ஸ்டீமிலேயே தனிக் கிளையாகத் தேர்ந்தெடுக்க விட்டார்கள். பெத்தெஸ்டாவும் ஸ்கைரிமுக்கு அப்படி ஒரு கிளை வைத்திருந்தால் இந்தக் கட்டுரையில் பாதி தேவைப்பட்டிருக்காது. அவர்கள் விளையாட்டுகள் இத்தனை வருஷம் உயிரோடு இருப்பதற்கு மாட் செய்கிறவர்கள்தான் காரணம் என்று அவர்களுக்குத் தெரியாதா என்ன!

எங்கள் பக்கத்தில் இதற்கெல்லாம் இன்னொரு கோணமும் இருக்கிறது. இப்போது கிராமத்துக்குள்ளும் ஃபைபர் வந்துவிட்டது, மறுக்கவில்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் கம்பத்தில் தொங்குகிற அந்த ஒயர் எத்தனை நாள் அறுந்து கிடக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். பராமரிப்புக்காகக் காலையில் கரண்டை நிறுத்தினால் சாயங்காலம்தான் வரும். பெரிய டவுன்லோடு பாதியில் நிற்பது இங்கே அன்றாட விஷயம். 4 ஜிபி துண்டுகளாக வரும் இன்ஸ்டாலரை ராத்திரிக்கு ஒரு துண்டாக இறக்கி வைத்துக்கொள்வது எங்களுக்கு ரொம்பப் பொருந்துகிறது.

2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா கரை கடந்தது. பட்டுக்கோட்டைப் பக்கம் என் அக்கா வீட்டில், தோப்பில் நின்ற தென்னை பெரும்பாலும் சாய்ந்துவிட்டது. கரண்ட் வரவே வாரக்கணக்கானது. கரண்ட் வந்த பிறகும் நெட் வரவில்லை. கம்பத்தோடு கேபிளும் போயிருந்தது. அக்கா மகன் அப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளை. பள்ளிக்கூடத்தில் முகாம் நடந்துகொண்டிருந்தது. வீட்டில் பெரியவர்கள் எல்லாரும் விழுந்த மரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அவன் கம்ப்யூட்டரைத் துடைத்துப் போட்டபோது, ஒரு கடையில் காசு கொடுத்து வாங்கிய விளையாட்டு, கணக்கைச் சரிபார்க்க நெட் வேண்டும் என்று கேட்டு நின்றுவிட்டது. பழைய ஹார்ட் டிஸ்கில் நான் இன்ஸ்டாலராகப் போட்டுக் கொடுத்திருந்தவை மட்டும் ஓடின. "மாமா, இது மட்டும் ஓடுது மாமா" என்று சிக்னல் கிடைத்த ஒரு மொட்டை மாடியிலிருந்து போன் செய்து சொன்னான். விளையாட்டுதானே என்று இதை ஒதுக்க எனக்கு மனம் வராது. அந்த வாரங்களில் அந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் வேறு ஓர் உலகத்தில் இருந்துவிட்டு வந்தான்.

இன்ஸ்டாலரில் பூட்டு இல்லை என்பதற்காக அதைப் பென் டிரைவில் போட்டு ஊரெல்லாம் கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன். பூட்டுப் போடாமல் நம்பி விற்கிற கடைகள் நிலைக்கவேண்டும் என்றால் வாங்குகிறவர்கள் காசு கொடுத்துத்தான் ஆகவேண்டும். அக்கா மகனுக்கு நான் கொடுத்தவையும் அவன் கணக்கில் வாங்கியவைதான்.

சரி, எந்தப் பதிப்பில் நிற்பது? 1.5.97-ஐப் பிடித்துக்கொண்டிருக்கும் பழைய ஆட்கள் இன்னும் உண்டு. அவர்களுடைய மாட் அடுக்கு அசையாமல் ஓடுகிறது, அவர்கள் நகரவேண்டிய அவசியமில்லை. அன்அஃபீஷியல் பேட்ச் என்ற அடிப்படைத் திருத்த மாட் மட்டும் 4.2.5-க்குப் பிறகு அந்த நான்கு இலவசக் கிரியேஷன்களைக் கட்டாயமாகக் கேட்கிறது என்பதால், 1.5.97-காரர்கள் அதன் பழைய பதிப்பைத் தேடி வைத்துக்கொள்ளவேண்டும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு அந்தச் சிரமம் எதற்கு? ஸ்டீமில் 1.6.1170, ஜிஓஜியில் அதற்கு இணையான 1.6.1179. மாட் செய்கிறவர்களும் பெரும்பாலும் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள்.

என் பதில் இதுதான். ஆயிரம் மாட் அடுக்கிய ஆயத்தப் பட்டியலை நிறுவப்போகிறீர்கள், வீட்டில் நெட் உறுதியாக இருக்கிறது என்றால் ஸ்டீம். நீங்களே பார்த்துப் பார்த்து மாட்களைச் சேர்த்து, அதை வருஷக்கணக்கில் அசையாமல் வைத்து விளையாடப்போகிறீர்கள் என்றால் ஜிஓஜி. இந்த டெல்டாவில் இருக்கிற எனக்கு ஜிஓஜிதான் சரிப்படுகிறது. புதிதாகக் கேட்கிறவர்களுக்கும் அதையே முதலில் சொல்கிறேன். ஏற்கெனவே ஸ்டீமில் வாங்கிவிட்டவர் மறுபடி இன்னொரு முறை காசு செலவழிக்கவேண்டாம். அந்த எக்ஸியைக் காப்பாற்றிக்கொண்டால் போதும்.

எந்தக் கடையானாலும் விளையாட்டைப் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் நிறுவாதீர்கள். விண்டோஸ் அங்கே எழுத விடாமல் தொந்தரவு செய்யும். டி டிரைவில் கேம்ஸ் என்று ஒரு ஃபோல்டர் போதும். மாட்களை டேட்டா ஃபோல்டருக்குள் நேரடியாகக் கொட்டாமல் மாட் ஆர்கனைசர் 2 வழியாக வையுங்கள். அது மாட்களைத் தனித்தனி ஃபோல்டரில் வைத்துக்கொண்டு, ஓடும்போது மட்டும் உள்ளே இருப்பதாகக் காட்டும். அசல் ஃபோல்டர் அழுக்காகாது. நாளைக்குக் கடை மாறினாலும் அந்த அடுக்கு அப்படியே கூட வரும், டிஎல்எல்களை மட்டும் மாற்றினால் போதும்.

மன்னார்குடித் தம்பி போன வாரம் வாங்கிவிட்டான். அவனுக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். நிறுவி முடித்ததும் ஸ்கைரிம்எஸ்இ என்ற எக்ஸி ஃபைலைக் காப்பி எடுத்து வேறு டிரைவில் வை. பிறகு அதன்மேல் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் டீட்டெய்ல்ஸ் பகுதிக்குப் போ. அங்கே ஃபைல் வெர்ஷன் என்று புள்ளி வைத்து நான்கு எண்கள் இருக்கும். எஸ்கேஎஸ்இ பக்கத்தில் உன் கடைக்கு எதிரே போட்டிருக்கிற எண்ணோடு அதை ஒத்துப் பார். ஒத்துப்போனால் இறக்கிப் போட்டு, லோடர் வழியாக ஒருமுறை விளையாட்டைத் திறந்து, மெனு வரைக்கும் வருகிறதா என்று பார்த்துவிட்டு மூடு. அதற்கப்புறம் முதல் மாடாக ஸ்கையூஐ.